நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கம்

எங்கள் மாவட்டத்துப் பல்கலைக்கழகத்தில், தமிழ்த் துறையில், ஒரு குருவும் ஒரு சீடரும் இருந்தார்கள். குருவுக்கு நாற்பத்தொரு வயது. சீடருக்கு அறுபத்து மூன்று.

குருவின் பெயர் வளர்மதி. ஆய்வு நெறியாளர். சீடர் சோலைமலை, தொடக்கப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் கோயில் குளம் என்று கிளம்புவார்கள். இவர் முனைவர் பட்டத்துக்குக் கிளம்பினார். போதாததற்கு, வளர்மதிக்கு ஐந்தாம் வகுப்பில் பாடம் நடத்தியவரும் இவரேதான்.

அதனால் ஒரு தொல்லை இருந்தது. சோலைமலை அறைக்குள் வந்தால், பழைய வாத்தியார் என்று வளர்மதி எழுந்து நிற்பார். நெறியாளர் நிற்கும்போது உட்காரக் கூடாது என்று சோலைமலையும் நிற்பார். ஓர் அத்தியாயம் முழுவதையும் இருவரும் நின்றபடியே திருத்திய நாள் உண்டு.

துறையில் சிலர் சிரித்தார்கள். சிரிக்கட்டும். இப்படி இரண்டு பேர் வேறு எந்தப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார்கள் என்று அவர்கள் காட்டட்டும், பார்க்கலாம்.

சோலைமலையின் ஆய்வு, எங்கள் பக்கத்துக் கண்மாய்களைப் பற்றியும் அவற்றின் நீர்பாய்ச்சிகளைப் பற்றியும். நீர்பாய்ச்சி என்றால் கண்மாய் மடையைத் திறந்து மூடுகிற ஆள். எப்போது திறப்பது, எவ்வளவு விடுவது என்று ஊருக்கே அவர்தான் முடிவு சொல்வார். பெருமழையில் கரை தாங்காது என்றால் மடையைத் திறந்து நீரை வடிக்க வேண்டியவரும் அவர்தான்.

முதல் வரைவைப் படித்துவிட்டு வளர்மதி கேட்டார்.

"சார், இதுல எத்தனை இடத்துல மத்தவங்க சொன்னத எடுத்துக் காட்டியிருக்கீங்க?"

"முந்நூத்திப் பன்னெண்டு இடத்துல அம்மா."

"முந்நூத்திப் பன்னெண்டுலயும் 'கூறுகிறார்'னே இருக்கு."

"கூறத்தானேம்மா செஞ்சாங்க?"

"கல்வெட்டப் படிச்சுச் சொன்னவரும் கூறுகிறார். குத்துமதிப்பாச் சொன்னவரும் கூறுகிறார். சண்டைக்கு வந்தவரும் கூறுகிறார். எல்லாரும் ஒரே குரல்லயா சார் பேசுனாங்க?"

சோலைமலை தலையை ஆட்டினார். விஷயம் புரிந்துவிட்டது என்று அவருக்குத் தோன்றியது. அங்கேதான் ஆரம்பித்தது வினை.

வீட்டுக்குப் போய் அகராதிகளை விரித்தார். ஒரு காலண்டர் அட்டையின் பின்பக்கத்தில் நாற்பது சொற்களை எழுதினார். கூறுகிறார், கருதுகிறார், வாதிடுகிறார், சுட்டுகிறார், மறுக்கிறார், ஒப்புக்கொள்கிறார், நிறுவுகிறார் என்று நீண்டது பட்டியல். அட்டையை மேசைக்கு எதிரே ஆணியில் மாட்டினார்.

பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களுக்கும் அந்தப் பட்டியலை வரிசையாக நிரப்பினார். நாற்பது முடிந்ததும் மறுபடி ஒன்றிலிருந்து. முப்பத்தைந்து வருஷம், காலை வணக்கத்தில் திருக்குறள் சொல்ல எல்லாப் பிள்ளைகளுக்கும் முறை வைத்துக் கொடுத்த கை அது. எந்தச் சொல்லுக்கும் வஞ்சகம் செய்யவில்லை.

இரண்டாம் வரைவைக் கொண்டுவந்து வைத்தபோது அவர் முகத்தில் பெருமை பொங்கியது.

"ஒரு பக்கத்துல ஒரு சொல் ரெண்டு தடவ வராதும்மா. நீங்க தேடிப் பாக்கலாம்."

வளர்மதி தேடவில்லை. பக்கம் பக்கமாகப் படித்துக்கொண்டே போனார். நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றார். அதை வாய்விட்டுப் படித்தார்.

"'ஆலங்கரைக் கண்மாய் உடைந்த அன்று தாம் மடையைத் திறக்கவில்லை என்பதை நீர்பாய்ச்சி முத்திருளாண்டி ஒப்புக்கொள்கிறார். அவருடைய கடமைத் தவறே உடைப்புக்குக் காரணம் என்று அன்றைய விசாரணை அறிக்கை நிறுவுகிறது.'"

"ஆமாம்மா."

"எதுக்கு சார் 'ஒப்புக்கொள்கிறார்'?"

"வரிசைப்படி அந்த எடத்துக்கு அதுதாம்மா வந்துச்சு."

வளர்மதி கோபப்படவில்லை. வரைவை மூடி வைத்தார். சன்னல் பக்கம் போய் நின்றார்.

"சார், ஒரு கதை சொல்லட்டுமா?"

"சொல்லுங்கம்மா."

"ஒரு பள்ளிக்கூடத்துல ஒரே ஒரு உலக உருண்டை இருந்துச்சு. பீரோ மேல இருக்கும். ஒருநாள் மத்தியானம் அது கீழ விழுந்து உடைஞ்சு கெடந்துச்சு. அந்த ரூம்ல ஒரு பத்து வயசுப் புள்ள நின்னுச்சு."

"ம்."

"ஹெட்மாஸ்டர் கூப்புட்டு விசாரிச்சாரு. 'நான் அந்த ரூம்லதான் இருந்தேன்'னு புள்ள சொல்லுச்சு. அவரு நோட்டுல, 'மாணவி ஒப்புக்கொண்டாள்'னு எழுதிட்டாரு. அதவச்சு டீசி குடுத்து அனுப்புறதா முடிவு."

"அடப்பாவமே."

"அந்தப் புள்ளயோட வகுப்பு வாத்தியாருக்கு அப்போ வேலையில சேந்து கொஞ்ச வருஷந்தான். அவரு நோட்ட வாங்கி, 'ஒப்புக்கொண்டாள்'ங்கிறத அடிச்சுட்டு 'சொன்னாள்'னு எழுதுனாரு. 'என்னய்யா வித்தியாசம்?'னு ஹெட்மாஸ்டர் சத்தம் போட்டாரு. அதுக்கு வாத்தியார், 'அவ சொன்னதுக்கு அவ பொறுப்பு சார். நாம எழுதுறதுக்கு அவ பொறுப்பில்ல'ன்னாரு."

"டீசி?"

"குடுக்கல. எழுத ஒண்ணும் இல்லாமப் போச்சே."



"அந்தப் புள்ளதான் உடைச்சுச்சாம்மா?"

"பாத்தீங்களா, நீங்களும் அதத்தான் கேக்குறீங்க."

சோலைமலைக்கு வெட்கமாகப் போயிற்று. "நல்ல வாத்தியார்தான்" என்று மட்டும் சொன்னார். மனதாரத்தான் சொன்னார்.

வளர்மதி அவரை ஒரு கணம் பார்த்தார். என்னவோ சொல்ல வந்து நிறுத்திக்கொண்டார்.

"ஆலங்கரைக்கு பஸ் எத்தன மணிக்கு சார்?"

"காலையில ஏழரைக்கு."

"நாளைக்குப் போங்க. இந்த வரிய அவர்கிட்டப் படிச்சுக் காட்டிட்டு வாங்க."

ஆலங்கரைக் கண்மாய் உடைந்து முப்பது வருஷம் ஆகிறது. யாரும் சாகவில்லை. ஆனால் வடகரைப் பக்கம் நின்ற பயிர் அத்தனையும் மண்மூடிப் போனது. விசாரணை அறிக்கை வந்தது. முத்திருளாண்டியிடமிருந்து மடைச் சாவியை வாங்கிக்கொண்டார்கள். மாசி மாதம் மடைக்குப் பொங்கல் வைக்கும்போது முதல் தாம்பூலம் நீர்பாய்ச்சிக்குத்தான். அதுவும் வேறு கைக்குப் போயிற்று. அவர் அந்தப் பொங்கலுக்குப் போவதையே விட்டுவிட்டார்.

சோலைமலை போன நேரம், முத்திருளாண்டி கண்மாய்க் கரையில் நடந்துகொண்டிருந்தார். வயது எழுபத்து நாலு. யாரும் கேட்காமலேயே தினமும் காலையில் கரையைப் பார்த்துவிட்டு வருகிற ஆள்.

"அண்ணே, உங்களப் பத்தி எழுதுனதப் படிச்சுக் காட்ட வந்தேன்."

"படிங்க வாத்தியாரய்யா."

சோலைமலை படித்தார். முத்திருளாண்டி முகம் சுருங்கியது.

"இன்னொருக்கா படிங்க."

படித்தார்.

"ஒப்புக்கிட்டேனா?"

சோலைமலை தாளைக் கீழே இறக்கினார்.

"அது ஸ்டேஷன்ல எழுதுற சொல்லு வாத்தியாரய்யா. நான் தொறக்கலன்னு சொன்னேன். நெசந்தான். நெஞ்ச நிமித்தித்தான் சொன்னேன். நீங்க என்னமோ நான் தலையக் குனிஞ்சுக்கிட்டுச் சொன்ன மாதிரி எழுதியிருக்கீங்க."

"ஏன் தொறக்கலன்னு..."

"நீங்க மொத வந்து கேட்டப்பவே சொன்னேனே! கீழ வயல்ல பொம்பளைங்க இருபத்திரண்டு பேரு களை பறிச்சுக்கிட்டு இருந்தாங்க. பேய் மழை. வீட்டுக்கு வரணும்னா அவங்க மடை வாய்க்காலத் தாண்டித்தான் வரணும். தொறந்தா அடிச்சுக்கிட்டுப் போயிரும். கடைசி ஆளு தாண்டுற வரைக்கும் மடைக் கம்பியப் புடிச்சுக்கிட்டு நின்னேன். அப்பறம் தொறக்கப் போனேன். அதுக்குள்ள வடக்க கரை போயிருச்சு."

சோலைமலை பையிலிருந்து குறிப்பு நோட்டை எடுத்தார். இருந்தது. அவர் கையெழுத்திலேயே இருந்தது, அடுத்த பக்கத்தில், 'பிற செய்திகள்' என்ற தலைப்புக்குக் கீழே.

முப்பத்தைந்து வருஷம் பிள்ளைகளின் தப்பைச் சிவப்பு மையில் சுழித்தவருக்கு, அந்தக் கரையில் நிற்கவே கூசியது.

"மன்னிச்சுக்கங்கண்ணே."

"என்கிட்ட என்ன மன்னிப்பு? அதுல மாத்துங்க."

ஊர் திரும்பிய சோலைமலை முதல் வேலையாக அந்த அட்டையை ஆணியிலிருந்து கழற்றினார். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் வேகமாக வந்து புதிய பக்கத்தை நெறியாளர் முன் வைத்தார்.

வளர்மதி படித்தார். "'இருபத்திரண்டு பெண்களின் உயிரைக் காக்கவே தாம் மடையைத் திறக்கவில்லை என்பதை முத்திருளாண்டி நிறுவுகிறார்.'"

"இப்போ சரிதானேம்மா?"

"நீங்க அன்னைக்குக் கரையில நின்னீங்களா சார்?"

"இல்ல."

"நிறுவுகிறார்னா, சந்தேகத்துக்கு எடமில்லாமக் காட்டிட்டாருன்னு அர்த்தம். யாருக்குக் காட்டுனாரு?"

"எனக்கு நம்பிக்கை இருக்கும்மா. அந்த மனுசன் பொய் சொல்ல மாட்டாரு."

"எனக்கும் நம்பிக்கை இருக்கு. அத நம்ம ரெண்டு பேரும் வச்சுக்குவோம். கரையில யார் நின்னா?"

"அந்தப் பொம்பளைங்க."

"அவங்கள்ட்ட கேட்டாச்சா?"

சோலைமலை அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துக்கொண்டார். சொல்லிக்கொள்ளாமலே வெளியே போனார். அன்றைக்குத்தான் அவர்கள் இருவரில் ஒருவர் மற்றவருக்காக எழுந்து நிற்க மறந்தது.

மூன்று மாதம் அலைந்தார். இருபத்திரண்டு பேரில் பலர் காலமாகிவிட்டார்கள். சிலர் பிள்ளைகளோடு எங்கெங்கோ போய்விட்டார்கள். ஒன்பது பேர் கிடைத்தார்கள். ஒருவரிடம் கேட்பது மற்றவருக்குத் தெரியாதபடி, ஒவ்வொருவராக, வீடு தேடிப் போய்க் கேட்டார். முத்திருளாண்டி சொன்னதை அவராக எடுத்துக் கொடுக்கவில்லை. "கண்மாய் உடைஞ்ச அன்னைக்கு நீங்க எங்க இருந்தீங்க?" அது ஒன்றுதான் கேள்வி.

பேச்சியம்மாள் என்பவர் சொன்னார்:

"கீழ வயல்லதான். அந்தாளு கம்பியப் புடிச்சுக்கிட்டு, 'வெரசாப் போங்கத்தா, வெரசாப் போங்கத்தா'ன்னு கத்துனது இன்னும் காதுல நிக்குது. நான்தான் கடைசியாத் தாண்டுனேன். ஏன்யா, முப்பது வருசமா எங்கள ஒருத்தரும் வந்து கேக்கலயே!"

அதற்குப் பிறகு சோலைமலை ஆவணக் காப்பகத்துக்குப் போய் விசாரணை அறிக்கையையும் முழுசாகப் படித்தார். அதுவரை கடைசிப் பக்கத்தின் முடிவுரையை மட்டும்தான் படித்திருந்தார். ஆறாம் பக்கத்தில், பயணியர் விடுதியில் வைத்து ஊரார் இருவரை விசாரித்ததாக அதிகாரியே எழுதியிருந்தார். கரைக்குப் போனதாக எங்கும் இல்லை. அந்தப் பெண்களைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

பிறகு முந்நூற்றுப் பன்னிரண்டு இடங்களையும் திரும்ப எடுத்தார். ஒவ்வொன்றுக்கும் மூலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு, இந்த மனிதர் இங்கே என்ன செய்கிறார் என்று பார்த்தார். ஊகித்தவருக்கு ஊகிக்கிறார். சான்று காட்டியவருக்கு நிறுவுகிறார். சும்மா சொன்னவருக்குக் கூறுகிறார். இதற்கு எட்டு மாதம் ஆயிற்று. வளர்மதி ஒரு நாளும் அவசரப்படுத்தவில்லை.

பொது வாய்மொழித் தேர்வு ஒரு வெள்ளிக்கிழமை காலை. எங்கள் பக்கம் அது ஒரு வீட்டு விசேஷம் மாதிரி. லட்டு, மிக்சர், காபி எல்லாம் உண்டு. யார் வேண்டுமானாலும் வரலாம், கேள்வியும் கேட்கலாம். ஆனால் வருவது பெரும்பாலும் பெண்டாட்டி பிள்ளைகளும், லட்டுக்கு வருகிற பக்கத்துத் துறைக்காரர்களும்தான்.

அன்று ஒரு வேன் வந்து நின்றது. வெள்ளைச் சட்டையில் முத்திருளாண்டி இறங்கினார். அவருக்குப் பின்னால் ஒன்பது பேரில் ஏழு பெண்கள் இறங்கினார்கள். நல்ல சேலையாகப் பார்த்துக் கட்டியிருந்தார்கள். பின்வரிசை நிறைந்துபோனது.

வெளியூரிலிருந்து வந்த தேர்வாளர் கறாரான மனிதர். எடுத்த எடுப்பிலேயே அந்தப் பக்கத்துக்கு வந்தார்.

"பக்கம் நூத்தி நாப்பத்து மூணு. முப்பது வருஷமா எல்லாரும் ஏத்துக்கிட்ட அறிக்கை. அது 'குற்றம் சாட்டுகிறது'ன்னு எழுதியிருக்கீங்க. ஏன், 'கண்டறிகிறது'ன்னு எழுதினா என்ன?"

"கண்டறியணும்னா போய்க் கண்டிருக்கணுங்கய்யா. விசாரிச்ச அதிகாரி கரைக்கு வரல. அறிக்கையோட ஆறாம் பக்கம் பின்னிணைப்புல இருக்கு."

தேர்வாளர் பின்னிணைப்பைப் புரட்டிப் பார்த்தார். நேரம் எடுத்துக்கொண்டார்.

"சரி. இந்த நீர்பாய்ச்சிக்கு 'நிறுவுகிறார்'னு போட்டிருக்கலாமே? படிச்சாத் தெரியுது, உங்க மனசு அவர் பக்கம்தான்."

"என் மனசு அவர் பக்கம்தாங்கய்யா. அதனாலதான் போடல."

"அதுக்காக வெறுமனே 'சொல்கிறார்'னா? ஆய்வேட்டுல கொஞ்சம் கனமான சொல் வேண்டாமா?"

"அவர் சொன்னாருங்கய்யா. கெஞ்சல, தலை குனியல, யாரையும் பழி சொல்லல. சொன்னாரு. அதவிடக் கனமான சொல்ல நானும் தேடிப் பாத்தேன். கிடைக்கல."

தேர்வாளர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். "பார்வையாளர்கள் யாராவது கேள்வி கேட்கலாம்" என்றார்.

பின்வரிசையில் முத்திருளாண்டி எழுந்தார். நல்ல உயரம். அப்போதுதான் பலர் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

"எனக்குக் கேள்வி ஒண்ணுமில்லங்க. அந்த வரிய மட்டும் சத்தமாப் படிக்கச் சொல்லுங்க."

சோலைமலை மேடையில் நின்று படித்தார். பள்ளிக்கூடத்துக் குரல். ஒலிபெருக்கி தேவைப்படவில்லை.

"'கீழ வயலில் இருந்த இருபத்திரண்டு பெண்களும் வாய்க்காலைக் கடக்கும்வரை தாம் மடையைத் திறக்கவில்லை என்று நீர்பாய்ச்சி முத்திருளாண்டி சொல்கிறார். அவர்களில் ஒன்பது பேர் அதை உறுதிப்படுத்துகிறார்கள்.'"

"ஆமா, உறுதிப்படுத்துறோம்!" என்றார் பேச்சியம்மாள், கேட்காமலே.

அரங்கம் சிரித்தது. பிறகு கை தட்டியது. முத்திருளாண்டி சிரிக்கவில்லை. நின்றுகொண்டே இருந்தார்.

"சரியா இருக்கு" என்றார். "அந்தப் பக்கத்த மட்டும் எனக்கு ஒரு ஜெராக்ஸ் வேணும். மாசியில மடைக்குப் பொங்க வைக்கிறாங்க. நான் போகணும்."

எங்கள் பல்கலைக்கழகத்தில் எத்தனையோ பட்டமளிப்பு விழா பார்த்திருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை எதிலும் இருந்ததில்லை.

பட்டத்துக்குப் பரிந்துரைப்பதாகத் தேர்வாளர் அறிவித்தார். அறிவித்த பிறகும் மேசையை விட்டு எழவில்லை.

"சோலைமலை, நான் கேக்குறது தேர்வுக் கேள்வி இல்ல. இந்தக் கவனம் உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு?"

சோலைமலை தன் நெறியாளர் பக்கம் கையைக் காட்டினார்.

"எல்லாம் அம்மாதாங்கய்யா. 'அவ சொன்னதுக்கு அவ பொறுப்பு. நாம எழுதுறதுக்கு அவ பொறுப்பில்ல.' என் நெறியாளர் கூறுன வாக்கியம். அதப் புடிச்சுக்கிட்டுத்தான் இந்த ஏட்ட எழுதுனேன்."

வளர்மதி எழுந்து நின்றார்.

"'கூறினார்' தப்பு சார்."

தேர்வாளர் நிமிர்ந்து அவரைப் பார்த்தார்.

"நான் மேற்கோள் காட்டினேன்."

"யார?" என்று தேர்வாளர் கேட்டார்.

வளர்மதி அவரைப் பார்க்கவில்லை. தன் எதிரே நின்ற அறுபத்து மூன்று வயது சீடரைப் பார்த்துச் சொன்னார்.

"அந்த உலக உருண்டைய நான் உடைக்கல சார். அன்னைக்கு ஹெட்மாஸ்டர் நோட்டுல 'ஒப்புக்கொண்டாள்'ங்கிறத அடிச்சது நீங்க."